முரசு யார் கையில்?

பத்மநாபபுரம் கோட்டைக்குள் வருகிறவர்கள் அரண்மனையின் மரவேலைப்பாட்டைக் கண்டு வியக்கிறார்கள். கண்ணாடிபோல் பளபளக்கும் கறுப்புத் தரையைக் குனிந்து தொட்டுப் பார்க்கிறார்கள். பிறகு மணிமாளிகையின் பழைய கடிகாரத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். அதன் மணியோசை அந்தக் காலத்தில் வெகுதூரம் கேட்கும் என்று வழிகாட்டி சொல்கிறார். கூட்டம் தலையை ஆட்டிவிட்டு அடுத்த அறைக்கு நகர்ந்துவிடுகிறது.

நாம் அந்த இடத்தில் சற்று நின்று யோசிக்கவேண்டும். ஊருக்கு நேரம் சொன்னது அரண்மனை. 'நீட்டு' என்ற பெயரில் கட்டளை எழுதியதும் அரண்மனை. அதையே 'விளம்பரம்' என்ற பெயரில் ஜனங்களுக்கு அறிவித்ததும் அரண்மனை. பனையேறிக்கும் வயலில் நின்ற அடிமைக்கும் கேட்பதற்குக் காது மட்டுமே விடப்பட்டிருந்தது. பேசுவதற்கு வாய் விடப்படவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போயிற்று. அரண்மனை இடம் மாறியது. முரசு மட்டும் கை மாறவில்லை.

சமுதாயம் அமைதியாக இருக்கும் நாட்களில் முரசு யார் கையில் என்பதை யாரும் கவனிப்பதில்லை. கொந்தளிப்பு வரும்போதுதான் அது தெரிகிறது. செத்தவர் யார், எத்தனை பேர், அடித்தவன் யார், ஏன் அடித்தான்? இந்த நாலு கேள்விக்கும் முதலில் பதில் சொல்கிறவன் அன்றைய செய்தியை மட்டும் சொல்லிவிட்டுப் போவதில்லை. அடுத்த தலைமுறையின் மனத்தையும் அவனே வார்க்கிறான். இதற்கு உதாரணம் தேடி நாம் வெகுதூரம் போகவேண்டாம். கல்குளம் தாலுகாவின் சரித்திரமே போதும்.

துணிக்கு ஒரு விளம்பரம்

தோள்சீலைப் போராட்டத்தை எடுத்துக்கொள்வோம். கிறிஸ்தவரான நாடார் பெண்கள் உடம்பை மூடிக்கொள்ளலாம் என்று 1814-ல் ரெசிடெண்டு மன்றோ உத்தரவிட்டார். அந்த உத்தரவை மதிக்காமல் 1822-ல் கல்குளம், இரணியல் பகுதிகளில் சந்தைகளில் பெண்களின் சீலை பறிக்கப்பட்டது. வழக்கு பத்மநாபபுரம் நீதிமன்றத்துக்கு வந்தது. 1823-ல் அது பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ந்தது. ஆனால் 1829 பிப்ரவரி 3-ல் ராணி கௌரி பார்வதி பாயின் விளம்பரம் வந்தது. மேல்சாதிப் பெண்களைப்போல் தோள்சீலை போடும் உரிமை நாடார் பெண்களுக்குக் கிடையாது என்றது அந்த விளம்பரம். நீதிமன்றத்தில் வென்ற உரிமையை அரண்மனை முரசு ஒரே அடியில் பறித்துக்கொண்டது.

அரண்மனைக்கு எதிரே அப்போது இரண்டு குரல்கள் எழுந்திருந்தன. ஒன்று அச்சு. 1820-ஐ ஒட்டி நாகர்கோவிலில் லண்டன் மிஷன்காரர்கள் அச்சுக்கூடம் வைத்தார்கள். மற்றொன்று வாய்மொழி. சுவாமித்தோப்பிலிருந்து அய்யா வைகுண்டரின் குரல், அச்சும் இல்லாமல் முரசும் இல்லாமல், பனங்காடுகளின் வழியே பரவியது. ராஜ சர்க்கார் அவரைத் திருவனந்தபுரத்தில் சிறைவைத்தது. வாயைக் கண்டு அரண்மனை பயந்தது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

மிஷன்காரர்கள் எல்லோரும் மக்களின் விடுதலைக்காகவே கப்பலேறி வந்தவர்கள் என்று நாம் சொல்லவில்லை. கும்பினியின் நிழலில்தான் அவர்கள் நின்றார்கள். ஆனால் அச்சு வந்தபிறகு அது கொண்டுவந்தவனுக்கு மட்டும் சொந்தமாக இருக்கவில்லை. எழுத்தறிந்த பனையேறியின் பிள்ளை மனு எழுதக் கற்றுக்கொண்டான். இந்தக் கோடியில் நடந்த அநியாயம் காகிதத்தில் ஏறிச் சென்னைக் கோட்டை வரை போயிற்று. கவர்னர் டிரெவெலியன் நெருக்கினார். 1859 ஜூலை 26-ல் மகாராஜா உத்திரம் திருநாள் புதிய விளம்பரம் போட்டார். நாடார் பெண்கள் மேலாடை அணியலாம். ஆனால் மேல்சாதிப் பெண்களைப்போல் மட்டும் அணியக்கூடாது! கொக்கி இருந்தாலும் கதவு திறந்துவிட்டது. 1829-ல் பறித்த அதே முரசு 1859-ல் திருப்பிக் கொடுத்தது. முரசுக்கு மனம் மாறிவிட்டதா? இல்லை. தெருவில் நின்று அடிபட்ட பெண்களின் குரல், முரசு மறைக்க முடியாத அளவுக்கு உரத்துவிட்டது.

நாடு கடத்தப்பட்ட பேனா

அடுத்து வந்தது பத்திரிகையின் காலம். வக்கம் அப்துல் காதர் மௌலவி 1905-ல் 'சுதேசாபிமானி' என்ற மலையாள ஏட்டைத் தொடங்கினார். நெய்யாற்றின்கரையில் பிறந்த கே. ராமகிருஷ்ண பிள்ளை 1906-ல் அதன் ஆசிரியரானார். திவானின் ஊழலையும் அரண்மனைச் சலுகைகளையும் அவர் பெயர் சொல்லி எழுதினார். பத்திரிகை நடத்தியவர் ஒரு முஸ்லிம்; எழுதியவர் ஓர் இந்து. ஜனங்களின் பணம் எங்கே போகிறது என்ற ஒரே கேள்வி இருவரையும் சேர்த்துவைத்தது.

1910 செப்டம்பர் 26-ல் திவான் பி. ராஜகோபாலாச்சாரியின் ஆட்சி அச்சுக்கூடத்தைப் பறிமுதல் செய்தது. ஆசிரியரை நாடு கடத்தித் திருநெல்வேலிச் சீமைக்கு அனுப்பியது. திருவனந்தபுரத்திலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் பழைய பாதை தக்கலை, நாகர்கோவில், ஆரல்வாய்மொழி வழியேதான் போகிறது. பத்மநாபபுரத்துக் கோட்டை மதில் அந்தப் பாதைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஊரை விட்டுத் துரத்தியும் அந்தப் பேனா ஓயவில்லை. 1912-ல் அவர் காரல் மார்க்சின் வாழ்க்கை வரலாற்றை மலையாளத்தில் வெளியிட்டார். 1916-ல் கண்ணூரில் இறந்தார். அவரை விரட்டிய திவானின் பெயரை இன்று ஜனங்கள் நினைப்பது அவரை விரட்டியதற்காக மட்டும்தான்.

ஒரே ஏடு, இரண்டு வேடம்

பத்திரிகை என்றாலே மக்கள் பக்கம், சர்க்கார் என்றாலே எதிர்ப்பக்கம் என்று முடித்துவிடலாமா? விஷயம் அவ்வளவு எளிதல்ல. 'மலையாள மனோரமா'வைப் பாருங்கள். 1938-ல், பொறுப்பாட்சி கேட்டுத் திருவிதாங்கூர் கொதித்தபோது, திவான் சர் சி.பி. ராமசாமி அய்யர் அந்த ஏட்டை மூடினார். அது மறுபடி வெளிவர 1947 நவம்பர் வரை காத்திருக்கவேண்டியிருந்தது. ஒன்பது ஆண்டுகள் பூட்டிக்கிடந்த ஏடு! அந்த அடக்குமுறையை ஜனநாயகவாதிகள் எல்லோரும் கண்டித்தார்கள், கண்டித்தது சரியே.

அதே ஏடு பிறகு என்ன செய்தது? 1957 ஏப்ரலில் கேரளத்தில் இ.எம்.எஸ். தலைமையில் மந்திரிசபை அமைந்தது. அது கல்வி மசோதாவையும் நில உறவு மசோதாவையும் கொண்டுவந்தது. பள்ளி முதலாளிகளுக்கும் நிலச் சொந்தக்காரர்களுக்கும் உறக்கம் போயிற்று. 'விமோசன சமரம்' கிளம்பியது. 'மனோரமா'வும் 'தீபிகா'வும் அதற்கு முரசடித்தன. 1959 ஜூலை 31-ல், ஜனங்கள் வோட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த மந்திரிசபையை டில்லி கலைத்தது. தன் வாய் கட்டப்பட்டபோது சுதந்திரம் கேட்ட ஏடு, குடியானவனின் பக்கம் சட்டம் திரும்பியதும் வேறு பாட்டுப் பாடியது. அந்த ஏட்டின் குணம் மாறிவிடவில்லை. அதன் முதலாளியின் நலன் 1938-ல் சர்க்காரோடு மோதியது, 1959-லும் மோதியது. இரண்டு தடவையும் ஏடு தன் நலனுக்கே நின்றது. முதல் தடவை மக்களின் நலனும் அதே பக்கம் இருந்தது. இரண்டாம் தடவை இல்லை.

இங்கே நாம் ஓர் உண்மையை மறைக்கக்கூடாது. 1958-ல் கொல்லம் அருகே சந்தனத்தோப்பில் முந்திரித் தொழிலாளர் மீது போலீஸ் சுட்டது. ஆட்சி நம்முடையது, குண்டு தொழிலாளியின் நெஞ்சில் பாய்ந்தது. அதை எழுதிய ஏட்டை நாம் குறை சொல்லமுடியாது. எழுதாத ஏட்டைத்தான் குறை சொல்லவேண்டும். விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் இன்றும் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் கைகள் கறுத்துத்தான் கிடக்கின்றன. அவர்களின் முகத்தைப் பார்த்து நாம் வேறுவிதமாகப் பேசமுடியாது.

ஆகஸ்டு 11

இனி நமது மாவட்டம் பிறந்த கதைக்கு வருவோம். திருவிதாங்கூர்த் தமிழர்களின் கச்சேரி மொழி வேறு, வீட்டு மொழி வேறு. குடியானவனுக்கு வந்த நோட்டீசை அவனாலேயே வாசிக்கமுடியாத காலம் அது. தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கவேண்டும் என்ற கிளர்ச்சி அந்த மண்ணில்தான் முளைத்தது. மார்ஷல் நேசமணி அதற்குத் தலைமை தாங்கினார். 1951 செப்டம்பர் 6-ல், வடிவீஸ்வரத்தைச் சேர்ந்த டி.வி. ராமசுப்பையர் திருவனந்தபுரத்திலேயே 'தினமலர்' நாளேட்டைத் தொடங்கினார். திருவிதாங்கூர்த் தமிழரின் குறையைத் தமிழில் சொல்ல ஒரு நாளேடு வேண்டும் என்ற தேவையே அதைப் பெற்றெடுத்தது. பின்னாளில் அந்த ஏடு போன வழி வேறு; நமது வழி வேறு. ஆயினும் அது பிறந்த தேவை உண்மையான தேவை.

1954 ஆகஸ்டு 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. ஆண்டது பட்டம் தாணுபிள்ளையின் பிரஜா சோஷலிஸ்டு மந்திரிசபை. அந்தக் கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா. சொந்தக் கட்சியின் மந்திரிசபை என்பதற்காக அவர் வாயை மூடிக்கொள்ளவில்லை. மந்திரிசபை ராஜினாமா செய்யவேண்டும் என்றார். கட்சி கேட்கவில்லை. கட்சிதான் பிளந்தது.

1956 நவம்பர் 1-ல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நாலு தாலுகாக்களும் தமிழகத்தோடு சேர்ந்தன. பத்மநாபபுரம் அரண்மனை மட்டும் கேரள சர்க்காரின் பொறுப்பில் நின்றது. இன்றும் அப்படியே நிற்கிறது. மண் வந்தது, மாளிகை வரவில்லை. அதைப்பற்றி நமக்கு அழுகை இல்லை. நமக்குள்ள அழுகை வேறு. அந்த ஆகஸ்டு 11-ல் மாண்டவர்கள் எத்தனை பேர்? அன்று தொடங்கி இன்றுவரை ஒரே கணக்கு இல்லை. ஒரு புத்தகம் ஒன்று சொல்கிறது. மற்றொன்று வேறு சொல்கிறது. அரண்மனையின் ஒவ்வொரு தூணுக்கும் கணக்கு இருக்கிறது. தெருவில் விழுந்த மனிதனுக்குக் கணக்கு இல்லை! கொந்தளிப்புக் காலத்தில் சரியான பட்டியலை எழுதிவைக்கும் ஒரு ஏடு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே பாடம்.

வதந்திக்கு முதலாளி உண்டு

பத்திரிகை பேசாத இடத்தில் வதந்தி பேசும். 1982 மார்ச் 1-ல் மண்டைக்காட்டுக் கொடைவிழாவின்போது கலகம் மூண்டது. போலீஸ் சுட்டது. ஊருக்கு ஊர் வதந்தி ஓடியது. கடற்கரைக் குடிசையும் எரிந்தது; உள்நாட்டுக் குடிசையும் எரிந்தது. வேணுகோபால் கமிஷன் விசாரித்தது. எரிந்த குடிசைகளில் ஒரு பண்ணையார் வீடு உண்டா என்று கேட்டுப் பாருங்கள். வலை இழுக்கிறவனையும் பனை ஏறுகிறவனையும் மோதவிட்டவர்கள், வெந்தது எவன் வீடு என்று திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று வதந்தி கால்நடையாக ஓடியது. இன்று அது கைப்பேசியில் பறக்கிறது. 2018 மே மாதத்தில், பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருப்பதாக வாட்ஸப்பில் பொய்ச் செய்தி பரவியது. திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வம் கும்பிடப் போன ஒரு மூதாட்டியைக் கூட்டம் அடித்தே கொன்றது. பிள்ளைகளுக்கு அவர் மிட்டாய் கொடுத்ததே அவர் செய்த குற்றம்.

2023 மார்ச்சில் வேறொரு பொய் கிளம்பியது. தமிழகத்தில் பீகார்த் தொழிலாளிகளை அடித்துக் கொல்கிறார்கள் என்று போலிப் படங்கள் வடக்கே பரப்பப்பட்டன. வேறு எங்கோ, வேறு எதற்கோ நடந்த சண்டைகளின் படங்களை எடுத்துப் பேர் மாற்றி ஓட்டினார்கள். பயந்துபோன தொழிலாளிகள் மூட்டை கட்டி ரயிலேறினார்கள். பீகார் சர்க்கார் அதிகாரிகளை அனுப்பியது. தமிழகப் போலீஸ் வழக்குகள் போட்டது. படங்கள் போலி என்று அம்பலமாயிற்று. ஆனால் பொய் ஓடிய தூரத்தை உண்மை இன்னும் ஓடி முடிக்கவில்லை.

இந்தப் பொய்யால் லாபம் யாருக்கு? செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் பீகாரிக்கும் தமிழனுக்கும் ஒரே வெயில்தான். இருவரும் சேர்ந்து கூலி கேட்டால் முதலாளிக்கு நஷ்டம். ஒருவனை ஒருவன் சந்தேகித்தால் முதலாளிக்கு ஆதாயம். வதந்தி காற்றில் முளைப்பதாக யாரும் சொல்லவேண்டாம். வதந்திக்கும் முதலாளி உண்டு.

மௌனமும் ஒரு பொய்

பொய் சொல்வது ஒருவகை. சொல்லவேண்டியதைச் சொல்லாமலிருப்பது இன்னொரு வகை. 2017 நவம்பர் 29 இரவும் 30-ந் தேதியும் ஒக்கிப் புயல் நமது கடலைச் சுருட்டியது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஊர்களின் ஆண்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். கரையில் பெண்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த வாரங்களில் சென்னைத் தொலைக்காட்சிகளின் விவாத மேடையை ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் நிறைத்துக்கொண்டிருந்தது. ஒரு தொகுதியில் யார் நிற்பார், யார் நிற்கமாட்டார் என்பது பெரிய செய்தி. கடலில் எத்தனை பேர் மிதக்கிறார்கள் என்பது சிறிய செய்தி!

மீனவ மக்கள் என்ன செய்தார்கள்? பங்கு பங்காக உட்கார்ந்து, காணாமற்போனவர்களின் பட்டியலை எழுதினார்கள். சர்க்கார் சொன்ன எண்ணிக்கைக்கு எதிரே தங்கள் பட்டியலை வைத்தார்கள். டிசம்பர் 7-ல் ஆயிரக்கணக்கில் திரண்டு குழித்துறையில் ரயிலை மறித்தார்கள். தண்டவாளத்தில் ஜனங்கள் உட்கார்ந்தபிறகுதான் கேமராக்கள் வந்தன. அதன்பிறகே முதலமைச்சரும் பிரதமரும் மாவட்டத்துக்கு வந்தார்கள். சர்க்காரின் எண்ணிக்கையும் மெல்ல மெல்லப் பட்டியலை நோக்கி ஏறியது.

வாசகர்களே, இந்தப் பட்டியலை நாம் சாதாரணமாக நினைக்கக்கூடாது. 1954-ல் இல்லாதது 2017-ல் இருந்தது. அச்சகம் இல்லை, கம்பெனி இல்லை, விளம்பரப் பணம் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், எழுதத் தெரிந்த ஒரு பெண்ணும், பொய் சொல்லமாட்டோம் என்ற உறுதியும் இருந்தன. மக்களின் பத்திரிகை என்பது இதுதான்.

இன்றைய அரண்மனைகள்

இன்று முரசு எங்கே இருக்கிறது? 2014-ல் 'நெட்வொர்க் 18' ரிலையன்சின் கைக்குப் போயிற்று. 2022 டிசம்பரில் என்.டி.டி.வி. அதானியின் கைக்குப் போயிற்று. துறைமுகமும் அவர்களுடையது, மின்சாரமும் அவர்களுடையது, அதைப்பற்றிய செய்தியும் அவர்களுடையது! துறைமுகத்தால் கரை அரிக்கிறது என்று மீனவன் சொன்னால், அந்தச் செய்தி எந்தக் கதவைத் தட்டவேண்டும்?

செய்தி சேகரிக்கும் தொழிலாளியை நாம் குற்றம் சொல்லவில்லை. மாவட்டத்தில் அலையும் நிருபர்களில் பலர் சொற்பக் கூலிக்கு உழைக்கிறவர்கள். 1955-ல் பார்லிமெண்டு அவர்களுக்காக இயற்றிய உழைக்கும் பத்திரிகையாளர் சட்டத்தையும் 2020-ன் தொழிலாளர் சட்டத் தொகுப்பு விழுங்க வகைசெய்தது. அவர்கள் எழுதியதை வெட்டுகிற கத்தரிக்கோல் வேறு ஒருவர் கையில் இருக்கிறது.

ஆனால் வழி அடைபட்டுவிடவில்லை. 2020-21-ல் டில்லி எல்லையில் விவசாயிகள் உட்கார்ந்தார்கள். தேசவிரோதிகள் என்றும் பிரிவினைவாதிகள் என்றும் அவர்களைச் சில தொலைக்காட்சிகள் ஏசின. விவசாயிகள் பக்கத்தில் நின்ற இளைஞர்கள் 2020 டிசம்பரில் 'ட்ராலி டைம்ஸ்' என்ற சிறு ஏட்டைப் பஞ்சாபியிலும் ஹிந்தியிலும் அச்சிட்டார்கள். டிராக்டர் வண்டிகளின் நடுவே அது கைக்குக் கை போயிற்று. 2021 நவம்பரில் மூன்று வேளாண் சட்டங்களும் ரத்தாயின. ஏடு மட்டும் வெல்லவில்லை, போராட்டம் வென்றது. ஆனால் தன் கதையைத் தானே சொல்லிக்கொண்ட போராட்டம் அது.

நமது கடமை

பிறரைப் பார்த்துக் கேட்கும் கேள்வியை நம்மைப் பார்த்தும் கேட்கவேண்டும். பூதப்பாண்டியில் பிறந்த தோழர் ஜீவா 1937-ல் 'ஜனசக்தி'யைத் தொடங்கினார். தடைகளைத் தாண்டி வந்த பாரம்பரியம் அது. அதற்கு நாம் தகுதியாக இருக்கிறோமா? நூறு பேர் வந்த கூட்டத்தை ஆயிரம் பேர் என்று எழுதும் வழக்கம் நம்மிடம் இல்லையா? ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவனுக்குப் புரியாத சொற்களை அடுக்கி, அவனுக்காகவே எழுதுவதாக நாம் சொல்லிக்கொள்வதில்லையா? நமக்கு வசதியில்லாத செய்தியை நாம் ஆறப்போடுவதில்லையா? நூறை ஆயிரமாக எழுதுகிறவனின் பட்டியலை நாளைக்கு யாரும் நம்பமாட்டார்கள். பட்டியல் தேவைப்படும் நாள் வரும்போது அதுதான் பெரிய நஷ்டம்.

ஆகவே நாம் சொல்வது மூன்று விஷயம். முதலாவது, தக்கலைச் சாயாக்கடையில் ஒருவர் உரக்க வாசிக்க நாலுபேர் கேட்டு விவாதித்த பழக்கம் மறுபடி வரவேண்டும். தனித்தனியே கைப்பேசியைப் பார்த்துக் கொதிக்கிறவனை ஏமாற்றுவது எளிது. சேர்ந்து வாசித்துச் சண்டைபோடுகிறவர்களை ஏமாற்றுவது கடினம். இரண்டாவது, ஒரு படமோ செய்தியோ உங்களைக் கொதிக்கவைத்தால், அடுத்தவருக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: நான் கொதித்தால் லாபம் யாருக்கு? மூன்றாவது, ஒவ்வொரு ஊரிலும் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். யாருக்குக் கூலி பாக்கி, எந்தக் கிணற்றில் தண்ணீர் வற்றியது, எந்த வள்ளம் திரும்பவில்லை என்று உண்மையாக எழுதுங்கள். நமது ஏடும் அதைப் பார்த்துத்தான் எழுதவேண்டும்.

கோட்டைக்குள் இருக்கும் கடிகாரம் ராஜாக்களின் நேரத்தைச் சொன்னது. அது இருக்கட்டும்; பிள்ளைகள் பார்த்து வியக்கட்டும். கோட்டைக்கு வெளியே நமது நேரத்தை நாமே சொல்லவேண்டும்.